பெங்களூருவில் வாங்கிய பழைய டிப்பர், தளியில் தோட்ட வேலை: பதிவு மாற்றிய அனுபவம்

தமிழ்நாட்டில் தளி அருகே உள்ள எங்கள் தோட்டத்துக்குத் தொழு உரமும் செம்மண்ணும் அடிப்பதற்காகப் பெங்களூருவில் சிறிய பழைய டிப்பர் ஒன்றை வாங்கினோம். விவசாயத்துக்கு என்று சொன்னால் பதிவு எளிதாக முடிந்துவிடுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். முடியாது. சொந்த விளைச்சலை மட்டுமே ஏற்றினாலும், சாலையில் ஓடும் டிப்பர் சரக்கு வாகனம்தான். டிராக்டருக்கு உள்ள சலுகை அதற்குக் கிடையாது. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), காப்பீடு, புகைச் சான்று எல்லாம் வேண்டும். சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினால் பெர்மிட்டும் வேண்டும். 8 ஆண்டு கடந்த வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டியிருப்பதால், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட்டோம்.

கே.ஆர்.புரம் பக்கம் வண்டியைப் பார்க்கப் போனபோது உடன் வந்த மெக்கானிக், தொட்டியில் ஜல்லி ஏற்றச் சொல்லி, தொட்டியைப் பாதி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தி, அதைத் தூக்கும் ஜாக்கியில் ஆயில் கசிகிறதா, தொட்டி தானாக இறங்குகிறதா என்று தள்ளி நின்று வெகுநேரம் கவனித்தார். பிறகு சேஸ் நம்பர் இருந்த இடத்தைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் உரசி, படிந்த எழுத்துகளை ஆர்.சி.யோடு (பதிவுச் சான்று) ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்றுக்கு (என்.ஓ.சி.) விண்ணப்பமான படிவம் 28-க்கும் அந்த அச்சு தேவைப்படுகிறது. அது தெளிவாக விழாத வண்டியை, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாங்காமல் விடுவதே நல்லது.

எங்களுக்கு இழுத்தடித்தது கடன் விஷயம். வண்டி மீது வாங்கிய கடன் முடிந்துவிட்டதாக விற்றவர் உறுதியாகச் சொன்னார், ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்தது. கடன் தீர்ந்தது என்று நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 வந்து, அந்தப் பெயர் நீங்கி, நிலுவை வரியும் அபராதமும் கட்டப்பட்டு, பழைய பெர்மிட்டும் ஒப்படைக்கப்பட்ட பிறகுதான் கர்நாடகத்தில் என்.ஓ.சி. கிடைத்தது. அதுவரை விலையில் ஒரு பகுதியை நாங்கள் கொடுக்கவில்லை. விற்றவர் வருத்தப்பட்டார், ஆனாலும் அலைந்து முடித்துக் கொடுத்தார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்தை எங்கள் முன்னாலேயே வாங்கிக்கொண்டோம். பெயர் மாறாமல் வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள உரிமையாளர் மீதே விழும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் கூறியிருப்பதால், பெயர் மாற்றம் விற்பவருக்கும் பாதுகாப்புதான்.

வேறு மாநிலத்து வண்டியை ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், வைத்திருக்கும் மாநிலத்தில் புது எண் வாங்க வேண்டும். டிப்பர் தளியிலேயே நிற்கப்போவதால் நாங்கள் அவ்வளவு காலம் காத்திராமல் தமிழ்நாட்டு வரியைக் கட்டிப் பதிவை மாற்றிக்கொண்டோம். காப்பீட்டைப் பெயர் மாற்ற, வண்டி கைமாறிய 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் அதை முதலிலேயே செய்தோம்.

ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக வாகன உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துள்ளது. எங்கள் டிப்பர் அந்த எடைக்குள் இருப்பதால் என் தம்பியே ஓட்டுகிறான். அதைவிடப் பெரிய வண்டி என்றால் கனரக உரிமம் உள்ள ஓட்டுநரைத்தான் அமர்த்த வேண்டும்.