பெரட்டல் சட்டியை ஆறு கொண்டுபோன கதை

அடுத்த மாதம் நாங்கள் இரண்டு குடும்பம், மொத்தம் ஒன்பது பேர், சிலாங்கூர் உலு லங்காட்டில் கேபின் எடுத்துத் தங்கப் போகிறோம். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரம்தான். இடம் பார்க்கும் வேலையை மச்சானிடம் விட்டிருந்தேன். அவன் அனுப்பிய படத்தில் பால்கனிக்கு அடியிலேயே ஆறு ஓடுகிறது. "காலத் தொங்கப் போட்டா தண்ணி படும் மச்சான், ரெண்டு ராத்திரிக்கு 500 வெள்ளிதான்" (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) என்று குரல் பதிவு வேறு. வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குக் கோபம். 2017-இல் அவன் எங்களோடு வரவில்லை, அதனால் தெரியாது.

அந்த வருஷம் நவம்பர். இதே மலையடிவாரம், வேறோர் இடம். ஆற்றங்கரையில் வரிசையாகப் பலகைக் குடில்கள். பாட்டியையும் கூட்டிப் போயிருந்தோம். பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அவருக்குக் காடு புதிதில்லை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் ஆட்டம். நான் கரையோரப் பாறையில் கேஸ் அடுப்பை வைத்துக் கோழி பெரட்டல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

பாட்டிதான் முதலில் பார்த்தார். கண்ணாடி மாதிரி ஓடிய தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறியிருந்தது. பின்னாலேயே காய்ந்த இலையும் சுள்ளியும் கொத்துக் கொத்தாக வந்தன. "டேய், புள்ளைங்கள மேல ஏத்துடா!" என்று அவர் கத்தியது, கரண்டிச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என் மனைவிதான் ஓடிப்போய்ச் சின்னவனைச் சட்டையோடு பிடித்து இழுத்தாள். நாங்கள் படியேறி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அடுப்பு வைத்திருந்த பாறையையே காணோம். லாரி மலையிறங்குகிற மாதிரி ஓர் இரைச்சல், கூடவே ஒரு முழு மரம் உருண்டு போனது. அடுப்பு, சட்டி, இரண்டு ஜோடி சிலிப்பர் எல்லாம் போச்சு. குடில்காரர் மட்டும் அசையாமல், "இங்கே இது சகஜம்" என்றார். சகஜம் என்றால் காலையிலேயே சொல்லியிருக்கலாம், இல்லையா?

மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள், தண்ணீரின் தலை. லங்காட் ஆறு பிறக்கும் நுவாங் மலை 1,493 மீட்டர் உயரம். அங்கே இடிமழை கொட்டும்போது கீழே நாம் வெயிலில் குளித்துக்கொண்டிருப்போம். சில சமயம் விழுந்த மரமும் குப்பையும் மேலே ஆற்றை அடைத்து நிற்கும். அந்த அடைப்பு உடைந்தால் தேங்கியது முழுக்க ஒரே மூச்சில் இறங்கும். 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையிலிருந்து இப்படி இறங்கிய வெள்ளத்தில் உயிர்களே போயின. நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர், இவைதான் காற்று மாறும் மாதங்கள். மத்தியானத்துக்கு மேல் இடிமழையை எதிர்பார்த்தே ஆகவேண்டும். அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரே சட்டம்: காலையில் பசியாறிவிட்டு ஆறு, பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் கரையில்.

ஆற்றிலிருந்து தள்ளிப் போனால் போதுமா என்றால், அங்கேதான் மண்சரிவு வந்து நிற்கிறது. 2022 டிசம்பர் 16, பத்தாங் காலி. விடியுமுன் தூங்கிக்கொண்டிருந்த முகாமின் மேல் மண் இறங்கி 31 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த காலையில் என் அம்மா இடிந்து விழுந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். 1993-இல், அதுவும் டிசம்பரில்தான், 48 பேர்.

ஆக இந்தத் தடவை படத்தை நம்பாமல் போன ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் நேரிலேயே போய்ப் பார்த்தேன். பத்து 18 என்ற இடத்தைத் தாண்டி ஒரு பாக்சிக்கின் (மலாய்ப் பெரியவர்) டுசுன், அதாவது பழத்தோட்டம், அதற்குள் மூன்று கேபின். ஆறு இரண்டு மாடி உயரம் கீழே. பின்பக்கம் வெட்டிய மண்சுவர் இல்லை, சாய்ந்த மரமும் இல்லை. "பாக்சிக், பெரிய மழை வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும்?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, நேராக நடந்துபோய் ஒரு மங்குஸ்தான் மரத்தடியைக் காட்டினார். கேபின் அதற்கும் மேலே. லைசென்ஸ் தாளையும் கேட்டுப் பார்த்தேன், எடுத்துக் காட்டினார். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கைப்பேசி லைன் கேபினில் சுத்தமாக இல்லை, சாலைக்கு வந்தால் இரண்டு கோடு கிடைக்கிறது. வாடகை 620 வெள்ளி. மச்சான் இன்னும் அந்த 120 வெள்ளியைப் பற்றியே பேசுகிறான்.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

கிள்ளானிலிருந்து ஒருவர்:

எங்களுக்கு ஆறு ஒன்றும் செய்யவில்லை, குரங்குதான். பத்துமலைக் குரங்கைப் பார்த்து வளர்ந்தவர்களாச்சே என்று ஒரு தெனாவட்டு எனக்கு. சாமான் இறக்கும்போது கார் கதவை ஒரு நிமிஷம் திறந்து வைத்தேன், தீபாவளி முறுக்கு டின் போய்விட்டது. மரத்தின்மேல் உட்கார்ந்து மூடியைத் திறந்தே தின்றது! பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் அவற்றுக்கு நம் கோயில் மணி மாதிரி. மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சாமான் கொண்டுபோங்கள், அதையும் கேபினுக்குள் வையுங்கள். கையில் வைத்துச் சாப்பிடும் பிள்ளையை வெளியே தனியாக விடாதீர்கள்.

ரவாங்கிலிருந்து:

டுசுன் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது அண்ணா. நாங்கள் போனது ஜூலையில். ராத்திரி மூன்று மணிக்குத் தகரக் கூரையில் 'டமார்'. அரை மணி கழித்து இன்னொன்று. என் நாத்தனார் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, வருகிற வழியில் முனீஸ்வரர் கோயிலில் நிற்காமல் வந்ததுதான் காரணம் என்று ஆரம்பித்துவிட்டார். சுருட்டு வைக்கிறேன் என்று வேண்டுதலும் ஆயிற்று. விடிந்து பார்த்தால் படிக்கட்டில் இரண்டு டுரியான்! பழுத்த பழம் ராத்திரியில்தான் அதிகம் விழும் என்று தோட்டக்காரர் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவை வௌவால்கள், பத்துமலைக் குகைகளிலிருந்துகூட அவை பறந்து போகுமாம். அதைக் கேட்டதும் இவர், "பார்த்தியா, முருகன் அனுப்பினதுதான்" என்றார். வேண்டுதலை மட்டும் தவறாமல் செலுத்திவிட்டோம். சீசனில் போனால் மரத்தடியில் காரையும் நிறுத்தாதீர்கள், பாயையும் விரிக்காதீர்கள்.

ஷா ஆலமிலிருந்து:

ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு என் அப்பா செய்வது: புகையிலை ஊறிய தண்ணீரில் காலுறையை நனைத்துக் காயவைத்து மாட்டிக்கொள்வது. நாற்றம் அடிக்கும், ஆனால் வேலை செய்கிறது. அட்டையைவிட எனக்குப் பயம் எலிச் சிறுநீர் நோய்தான். என் தம்பிக்குக் காலில் ஒரு சின்னக் கீறல், அதோடு ஆற்றில் குளித்தான். பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. முதலில் பார்த்த கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆற்றில் குளித்ததை அவனும் சொல்லவில்லை. இரண்டாவது இடத்தில் அம்மாதான் வாயைத் திறந்தார், உடனே ரத்தம் எடுத்தார்கள். புண் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள். இறங்கியபின் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மீண்டும் செந்தூலிலிருந்து:

டுரியான் சீசன் முடிந்துவிட்டது, தப்பித்தோம். முறுக்குக்குப் பெட்டி வாங்கியாயிற்று. பாட்டிக்கு இப்போது 84 வயது, "நானும் வரேன்" என்று அடம். பலகைப் படி ஏற முடியாதே என்றால், "தண்ணி நிறம் பாக்க ஒங்கள்ல யாருக்குடா கண்ணு இருக்கு?" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, கீழ்க் கேபினாகக் கேட்டு வாங்கிவிட்டேன். போன வாரம் சமையல் சாமான் பட்டியலை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சட்டி யாரோடது?" என்றார்.