பழைய 300 மி.மீ. லென்ஸ்: நாரையின் அலகு ஏன் இரட்டைக் கோடாக விழுகிறது?

குளக்கரை:
வணக்கம். தாய்மாமா வைத்துவிட்டுப் போன கேனான் நியூ எஃப்டி 300 மி.மீ. எஃப்/4 லென்ஸை, அடாப்டர் போட்டு சோனி ஏ7 மார்க் 3-இல் மாட்டியிருக்கிறேன். கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளை இருநூறு படம் எடுத்ததில் தேறியவை நான்கைந்துதான். பெரிதாக்கிப் பார்த்தால் அலகு இரட்டைக் கோடாக இருக்கிறது. கையில் பிடித்து எடுத்தேன். ஷட்டர் 1/320, குலுக்கல் தடுப்பும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. லென்ஸின் திறப்பைச் சுருக்க எஃப்/8-க்குத் திருப்பினாலும் படத்தின் வெளிச்சம் குறையவில்லை. குவிய வளையத்தை முடிவிலிக் குறியில் (வெகுதூரப் பொருளுக்கானது) நிறுத்தினால் எதிர்க்கரை மரங்கள் மங்கிவிடுகின்றன. மாமா இதைப் பருத்தித் துணியில் சுற்றிப் பாதுகாத்தவர். கெட்டுப்போயிருக்கும் என்று நம்ப மனம் வரவில்லை.

முக்காலி:
லென்ஸ் நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலில் ஒன்று சொல்லுங்கள்: இதற்கு முன் வேறு பழைய லென்ஸ் மாட்டியிருந்தீர்களா?

குளக்கரை:
ஆமாம், ஒரு 50 மி.மீ. லென்ஸ்.

முக்காலி:
அங்கேதான் சிக்கல். எஃப்டி லென்ஸில் மின்தொடர்பே கிடையாது. எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியாது. லென்ஸின் குவியத்தூரம் (50, 300 என்பது) என்று நீங்கள் கொடுத்த எண்ணை நம்பித்தான், கைக்குலுக்கலை ஈடுகட்டச் சென்சாரை அசைக்கும். 50 என்றிருந்தால், 300-க்குத் தேவையான அசைவில் ஆறில் ஒரு பங்குதான் நடக்கும். ஸ்டெடிஷாட் (சோனியின் குலுக்கல் தடுப்பு) அமைப்பில் 'மேனுவல்' வைத்து 300 என்று மாற்றுங்கள். நாரை தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அதற்குக் குலுக்கல் தடுப்பு உதவாது, ஷட்டரை 1/800-க்குமேல் வையுங்கள்.

வெளிச்சம் மாறாததற்கு அடாப்டரில் உள்ள வளையம் காரணம். அது திறந்த நிலையில் இருந்தால் லென்ஸின் திறப்பைச் சுருக்கும் இதழ்கள் மூடவே மூடா. பூட்டும் பக்கம் திருப்புங்கள்.

முடிவிலி விஷயத்துக்குக் கவலை வேண்டாம். லென்ஸ் பூட்டும் இடத்திலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் எஃப்டி லென்ஸுக்கு 42 மி.மீ., சோனிக்கு 18 மி.மீ.; அடாப்டரின் நீளம் மீதி 24 மி.மீ. இருக்க வேண்டும். அடாப்டர்களைப் பெரும்பாலும் இம்மியளவு குறைத்தே செய்கிறார்கள். அதனால் குறிக்குச் சற்று முன்பே தூரப்பொருள் தெளிந்துவிடும். குறியைப் பார்க்காமல் திரையைப் பெரிதாக்கிக் கண்ணால் குவியுங்கள். குவிந்த இடத்தைக் காட்டத் திரையில் பொருளின் விளிம்பில் மின்னும் வண்ணக் கோடுகளை மட்டும் நம்பினால் 300-இல் ஏமாந்துபோவீர்கள்.

வெயில்:
எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? பதினொன்றுக்குமேல் சூடேறிய கரை மண்ணிலிருந்து கானல் எழும். இறகு நெளிந்து தெரிந்தால் அதற்கு எந்த லென்ஸாலும் வழியில்லை, விடியலில் போங்கள். இன்னொன்று, முக்காலியை லென்ஸின் கழுத்து வளையத்தில் பூட்டுங்கள். கேமராவின் அடியில் பூட்டினால் ஏறக்குறைய ஒரு கிலோ எடையும் அடாப்டரில் தொங்கும்.

குளக்கரை:
இன்று காலை ஆறரைக்குப் போனேன். 300 என்று மாற்றி, வளையத்தைப் பூட்டி, எஃப்/5.6, 1/1000. அலகின் நுனியில் தொங்கிய நீர்த்துளிகூட விழுந்திருக்கிறது! வெளுத்த வானத்தை ஒட்டிய இறகோரத்தில் மட்டும் ஊதா நிறக் கசிவு தெரிகிறது.

முக்காலி:
அது அந்தக் காலக் கண்ணாடியின் இயல்பு. எஃப்/8-இல் குறையும், மிச்சத்தைக் கணினியில் ஒரே இழுவையில் நீக்கலாம். நீர்த்துளிப் படத்தை இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.