வாட்டர்லூ பெருவிளையாட்டுக்கு முன் ஒத்திகையை எந்தக் கட்டத்திலிருந்து நடத்துவது?

மேசைப்போர்

நண்பர்களுக்கு வணக்கம். நாட்டிங்ஹாமில் உள்ள எங்கள் மன்றத்தினர் வரும் ஜூன் மாதத்தில் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரை 28 மில்லிமீட்டர் உயரச் சிறுவுருவங்களைக் கொண்டு மேசைமேல் போர் விளையாட்டாக ஒரே நாளில் ஆடி முடிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். 20 வீரர்களுக்கு ஓர் உருவம் என்று கணக்கிட்டால், நெப்போலியனின் பிரெஞ்சுப் படை, வெலிங்டனின் நேச நாட்டுப் படை, அவருக்குத் துணைவந்த பிரஷ்யப் படை ஆகிய மூன்றுக்குமாக 9,000க்கு மேற்பட்ட உருவங்கள் மேசையேறும். பிளாக் பவுடர் என்ற போர் விளையாட்டு விதிப்புத்தகத்தைப் பின்பற்றுகிறோம். ஆட வருவோரில் பாதிப் பேருக்கு அந்த விதிகள் புதியவை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடத்தலாம் என்றிருக்கிறோம். ஊகூமோன் பண்ணை மீதான முதல் தாக்குதலில் தொடங்கி, மாலைக்குள் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு ஆடலாம் என்பது என் எண்ணம். அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பகடைக்காரன்

தொடக்கத்திலிருந்து ஆட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காலை 11:30க்கு ஊகூமோனைத் தவிர வேறெங்கும் பெரிதாக எதுவும் நகர்வதில்லை. அந்தச் சுற்றுகள் விரைவாக முடிந்துவிடுவதால், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற பொய்யான நம்பிக்கைதான் மிஞ்சும். பிற்பகல் 4:30 மணி நிலவரத்தை மேசையில் அடுக்கி அங்கிருந்து தொடங்குங்கள். பிரெஞ்சுத் தளபதி நேயின் குதிரைப்படை, குதிரைப்படையைத் தடுக்க வெலிங்டனின் காலாட்படை அமைத்த சதுர வியூகங்களைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். லா ஏ சாந்த் பண்ணைக்கான சண்டை ஓயாமல் நடக்கும். தளபதி பியூலோவின் பிரஷ்யப் படை, போர்க்களத்தின் அருகிலுள்ள ‘பாரிஸ் காடு’ என்ற காட்டைவிட்டு வெளியேறி பிளான்செனுவா கிராமத்தை நோக்கி வரும். மூன்று முனைகளும் ஒரே சுற்றில் இயங்கும் அந்த வேளையில்தான் விதிகளும் நடுவர்களும் திணறுவார்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். போர் ஏறத்தாழ 9 மணி நேரம் நீடித்தது. அரை மணிக்கு ஒரு சுற்று என்றால் 18 சுற்றுகள். உணவு இடைவேளை போக உங்களுக்கு ஆறரை மணி நேரம் கிடைத்தால், ஒரு சுற்றுக்கு 21 நிமிடங்களே உண்டு. ஒத்திகையில் ஒரு சுற்று 40 நிமிடம் பிடித்தால், நெப்போலியனின் பேரரசுக் காவற்படை இடத்தைவிட்டு அசைவதற்கு முன்பே மண்டபத்தைப் பூட்ட நேரிடும். ஆகவே யார் வென்றார் என்பதைக் குறிக்காமல், ஒவ்வொரு சுற்றும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறியுங்கள்.

புதியவர்கள் தயங்கும் இடம் பெரும்பாலும் கட்டளையிடுவதுதான். என்ன செய்யப்போகிறோம் என்பதை வாய்விட்டுச் சொன்ன பிறகே இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை தளபதியின் மதிப்பைத் தாண்டிவிட்டால் அந்தச் சுற்றில் அவர் வேறு கட்டளை இட முடியாது. இதனால் எந்தப் பிரிவுக்கு முதலில் கட்டளையிடுவது என்று நெடுநேரம் யோசிக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை ஒத்திகையிலேயே சரிசெய்துவிடலாம்.

தூரிகை

ஒத்திகைக்கு வண்ணம் தீட்டிய உருவங்களைக் கொண்டுவராதீர்கள். பலர் கைபடும்போது ஈட்டி முனைகளும் துப்பாக்கிகளும் ஒடியும். அடிப்பலகையின் அளவுக்கு வெட்டிய அட்டைகளே போதும். கட்டடங்களை மட்டும் அவசியம் கொண்டுவாருங்கள். 28 மில்லிமீட்டர் உருவத்துக்குப் பொருந்தும் பண்ணை வீடு நில அளவுகோலின்படி பல மடங்கு பெரிதாகிவிடுவதால், ஊகூமோனை வைத்த பிறகு அதற்கும் லா ஏ சாந்துக்கும் இடையில் எத்தனை குதிரைப்படைப் பிரிவுகள் நிற்க இடமிருக்கிறது என்பதை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். மேசை 6 அடிக்கு மேல் அகலமாக இருந்தால் நடுவில் உள்ள படையை யாராலும் எட்டித் தொட முடியாது.

காத்ர் பிரா

பகடைக்காரரின் நேரக் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். 4:30 நிலவரத்தை ஆடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பிரஷ்யர் எந்தச் சாலையில், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதை பிரெஞ்சுத் தரப்பினர் ஒத்திகையிலேயே கண்ணால் பார்த்துவிட்டால், பெருநாளன்று முதல் சுற்றிலேயே பிளான்செனுவாவைக் காவல் செய்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, இரண்டு நாள் முந்திய 1815 ஜூன் 16ஆம் நாள் காத்ர் பிரா போரை ஆடலாம். பிற்பகல் 2 மணியளவில் சுமார் 8,000 பேருடன் நேச நாட்டுப் படை தாக்குப்பிடிக்க, அதன்பின் துணைப்படைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. சதுர வியூகம், குதிரைப்படைப் பாய்ச்சல், துணைப்படை மேசைக்குள் நுழைதல் ஆகிய அனைத்தும் அதில் உண்டு.

மேசைப்போர்

அனைவருக்கும் நன்றி. காத்ர் பிராவையே ஆடுகிறோம். அதன் பிறகு நடுவர்கள் மட்டும் அட்டைகளை வைத்து 4:30 நிலவரத்தை இரண்டு சுற்று நகர்த்திப் பார்ப்போம். விதி குறித்து வாக்குவாதம் எழுந்தால் நடுவர் எவ்வளவு நேரம் செலவிடலாம்?

பகடைக்காரன்

இரண்டு நிமிடம். அதற்குள் விதிப்புத்தகத்தில் விடை கிடைக்காவிட்டால், நடுவர் நியாயமான இரு முடிவுகளைச் சொல்லி ஒரு பகடையை உருட்டி ஒன்றைத் தேர்ந்துவிட வேண்டும். அந்தக் கேள்வியை எழுதி வைத்து, ஒத்திகை முடிந்ததும் எல்லா நடுவர்களும் சேர்ந்து பேசி ஒரே விடையை முடிவுசெய்து, விதிச்சுருக்கத் தாளில் அச்சிட்டு, ஆடுவோர் அனைவருக்கும் ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.