நட்பு செஸ் ஆட்டத்தில் பக்கத்திலிருந்து வந்த யோசனை: உங்களுக்கு நடந்தது என்ன?

ஓரச்சிப்பாய்:
போன மாதம் மச்சானோடு ஆடியது இன்னும் மனதை அரிக்கிறது. ஆளுக்கு ஒரு ராணி, ஒரு யானை மிச்சம். என் ராஜா மூன்று சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டு நிற்பதை நான் கவனிக்கவே இல்லை. சும்மா கிடந்த சிப்பாயை யானையால் வெட்டக் கை நீட்டினேன். செஸ் வகுப்புக்குப் போகும் என் மகள் பின்னால் நின்றாள். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். "அப்பா, கடைசி வரிசை" என்றாள். கையை இழுத்துக்கொண்டு, ராஜாவுக்கு வழிவிட ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். பிறகு ஜெயித்தும் விட்டேன். மச்சான் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை கொடுத்தார், எனக்கு இல்லை, அவளுக்கு. "நல்லா ஆடினே பாப்பா." அவள் தானாகச் சொல்லவில்லை. நான்தான் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

ஹாஸ்டல்வாசி:
வீட்டு ஆட்டத்துக்கு இவ்வளவு வருத்தமா? எங்கள் ஹாஸ்டலில் ஒரு போர்டைச் சுற்றி எட்டுப் பேர் நிற்போம், எட்டுப் பேரும் பேசுவோம். ஒருநாள் மட்டும் எல்லாரும் என் பக்கமே சேர்ந்துகொண்டார்கள். எதிரே இருந்த ஜூனியர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு யோசித்தான். அது எனக்கும் உறுத்துகிறதுதான். அதற்காகக் குழந்தையின் வாயை அடைப்பதா?

கருப்புக்குதிரை:
குழந்தையை யார் குறை சொன்னார்கள்? அவர் தன்னைத்தானே சொல்கிறார், சரியாகப் படியுங்கள். என்னுடையது ஆன்லைன், பழைய தோழியுடன் பத்து நிமிட ஆட்டம். வேறு வழியே இல்லாத மூவுக்கும் எட்டு நொடி, தலைசுற்றும் சிக்கலுக்கும் எட்டு நொடி. மூவைச் சொல்லித்தரும் கணினி நிரலோ என்று சந்தேகம், வாட்ஸப்பில் "எஞ்சின் பார்க்கிறாயா?" என்று கேட்டேன். டைப்பிங் என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது. அப்புறம் நாங்கள் ஆடவே இல்லை. கேட்காமல் இருந்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது.

நான்காம்வரிசை:
பூங்காவில் ஒரு பெரியவர் ஆடும்போது பக்கத்தில் நின்றவர் "குதிரை, குதிரை" என்றார். பெரியவர் அந்த மூவைத்தான் யோசித்து வைத்திருந்தாராம். இருந்தும் வேறு காயை நகர்த்தித் தோற்றார்.

சரி, எல்லாரும் கேளுங்கள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி ஆட்டத்தின்போது குறிப்பு, பிறர் யோசனை, இன்னொரு போர்டில் வைத்துப் பார்ப்பது எல்லாமே தடை. பார்வையாளர் தவறைக் கண்டால் நடுவரிடம் மட்டுமே சொல்லலாம். வீட்டில் நடுவர் கிடையாது, அதனால் யோசனை சொல்லலாமா கூடாதா என்று காய் அடுக்கும்போதே பேசிவிடுங்கள். நாள்கணக்கில் ஆடும் ஆட்டங்களில் லிசெஸ், செஸ் டாட் காம் இரண்டு இணையதளங்களுமே தொடக்க மூவ்களைப் பார்த்து ஆட விடுகின்றன, எஞ்சினை விடுவதில்லை. தபால் செஸ் கூட்டமைப்பான ஐசிசிஎஃப் எஞ்சினையே அனுமதிக்கிறது. ஆக, விதி இடம் தந்தால் உதவி வாங்குவதில் தப்பில்லை, எதிராளிக்குத் தெரியாமல் வாங்குவதுதான் தப்பு. 2021 ஜூனில் ஆனந்த் கொரோனா நிதிக்காகப் பிரமுகர்கள் பலரோடு ஆன்லைனில் ஆடினார். அவரை வென்ற ஒருவர், கணினி உதவியோடு ஆடியதை மறுநாளே ஒப்புக்கொண்டார். நல்ல காரியத்துக்கான ஆட்டம்தான், ஆனாலும் எத்தனை பேருக்கு மனது வலித்தது! ஆட்ட பலத்தில் வித்தியாசம் இருந்தால் வலுவானவர் தன் ராணியைக் கழித்துவிட்டு ஆடட்டும். இல்லையென்றால் ஆட்டம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து அலசுங்கள்.

ஓரச்சிப்பாய்:
விதி எனக்கும் தெரியும் ஐயா. நேற்று அந்த நிலையை அடுக்கி, "நான் வெட்டியிருந்தால் மாமாவுக்கு என்ன இருந்தது?" என்று மகளிடம் கேட்டேன். மச்சானின் யானையை என் கடைசி வரிசைக்கு இறக்கினாள், மேட், என் ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை. அதற்கு மூன்று மூவ் முன்பே மச்சான் ஏன் அந்தச் சிப்பாயைக் காக்காமல் விட்டார் என்பது இப்போதுதான் புரிகிறது. ஞாயிறு வருகிறார். போர்டைக் கலைக்காமல் வைத்திருக்கிறேன்.