அம்பாசிடர் பெட்ரோல்: டேப்பெட் சத்தம் நின்னுது, இழுவையும் போச்சு

பாலக்கோடு_அம்பி:
வணக்கங்க. வண்டி மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். டேப்பெட் சத்தம் ஜாஸ்தியா இருந்ததால தருமபுரியில செட்டிங் பண்ணியாச்சு. வால்வுக்கும் அதை அமுக்கற ராக்கருக்கும் நடுவுல 10 தௌ (ஒரு தௌ = இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இடைவெளி வெச்சிருக்காங்க. சத்தம் சுத்தமா இல்ல. ஆனா இன்ஜின் சூடானா ஐட்லிங் நிக்கல, சேலத்துல இருந்து திரும்பறப்போ தொப்பூர் ஏத்தத்துல திணறுது. காலையில ஸ்டார்ட் பண்றப்போ ஒரு குறையும் இல்ல. கார்புரேட்டரைக் கழட்டறதா, டேப்பெட்டையே திரும்பப் பாக்கறதா?

காவேரிப்பட்டணம்_இன்ஜின்:
கார்புரேட்டரைத் தொடாதீங்க. இந்த இன்ஜினுக்கு இன்லெட் (உள்ள இழுக்கற), எக்ஸாஸ்ட் (புகையை வெளிய விடற) வால்வு ரெண்டுக்குமே குளிர்ந்த நிலையில 15 தௌ, அதாவது 0.38 மிமீ. 10 வெச்சா சூட்டுல வால்வு நீண்டு, சீட்டுல (வால்வு வந்து மூடற இடம்) முழுசா உக்காராம போக வாய்ப்பிருக்கு. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கி வைக்கறதே சீட்டுல உக்காந்திருக்கற அந்த நேரத்துலதான். உக்காரலைன்னா கம்ப்ரஷன் கசியும், ஏத்தத்துல ஓட்ட ஓட்ட வால்வு ஓரம் கருகும். அதனால சரிபண்ற வரைக்கும் லோடு ஏத்தி ஓட்டாதீங்க.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி செய்யுங்க. கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். நாலு பிளக்கையும் கழட்டிட்டா, முன்னாடி விட்டு இன்ஜினைச் சுத்தற ஸ்டார்ட்டிங் ஹேண்டில் லேசா சுத்தும். ரேடியேட்டர் பக்கத்துல இருந்து வால்வுக்கு 1 முதல் 8 வரை நம்பர் போட்டுக்குங்க. 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். கணக்கு ஒண்ணுதான், அமுங்கின வால்வு நம்பரையும் செட் பண்ற வால்வு நம்பரையும் கூட்டினா 9 வரணும். 8 முழுசா அமுங்கி இருக்கறப்போ 1-ஐ செட் பண்ணுங்க. அப்புறம் 6 அமுங்கினா 3, 4 அமுங்கினா 5, 7 அமுங்கினா 2, 1 அமுங்கினா 8, 3 அமுங்கினா 6, 5 அமுங்கினா 4, 2 அமுங்கினா 7. இந்த வரிசையில போனா ஹேண்டிலை ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள எட்டும் முடிஞ்சிடும்.

லாக் நட்டுக்கு அரை இஞ்ச் ரிங் ஸ்பேனர். 13 மிமீ ஸ்பேனரைப் போட்டா கொஞ்சம் லூஸா நின்னு நட்டு முனையை மழுக்கிடும். ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவரால அசையாம பிடிச்சுக்கிட்டு நட்டை முறுக்கி, திரும்பவும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. நட்டு இறுகறப்போ ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பி இடைவெளி குறையறது சகஜம். தகடு லேசா உரசிக்கிட்டுப் போகணும், இழுக்கற மாதிரி இருக்கக்கூடாது.

டேப்பெட் கவருக்கு புது கார்க் பேக்கிங் போடுங்க. மேல இருக்கற ரெண்டு நட்டையும் அழுத்தி முறுக்கினா கார்க் பிதுங்கி ஆயில் கசியும்.

இந்தக் கணக்கு பழைய 1489-க்கு மட்டும். இசுசூ 1800 இன்ஜின் வேற.

பாலக்கோடு_அம்பி:
ரொம்ப நன்றிங்கண்ணா. 15 வெச்ச பிறகும் ஒரே ஒரு வால்வுல மட்டும் டிக் டிக்னு கேட்டா?

ஓசூர்_பழையவண்டி:
அந்த ராக்கரைத்தான் பாக்கணுங்க. வால்வு தண்டு தட்டித் தட்டி ராக்கர் முனையில குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு அந்தக் குழிக்கு மேல பாலம் மாதிரி நிக்கும். கேஜ் 15 காட்டும், உள்ள இடைவெளி அதைவிட அதிகம். அதுக்காக தகட்டைக் குறைச்சு செட் பண்ணாதீங்க. ராக்கரை மாத்தணும், இல்ல முனையைக் கிரைண்ட் பண்ணணும். ஷாஃப்டும் அடியில தேஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க.

ராக்கர் செட்டைக் கழட்டறதுல ஒரு விஷயம். ராக்கர் ஸ்டாண்டைப் பிடிக்கற நட்டுல நாலு, ஹெட்டையும் (சிலிண்டருக்கு மேல இருக்கற மூடி) சேர்த்துப் பிடிக்குது. அதனால ரேடியேட்டர் தண்ணியை இறக்கிட்டு, எல்லா ஹெட் நட்டையும் கொஞ்சம் கொஞ்சமா, வரிசைப்படி தளர்த்தணும். அந்த நாலை மட்டும் எடுத்தா ஹெட் ஒரு பக்கம் தூக்கி, கேஸ்கட்ல தண்ணி கசியும். ராக்கர் ஸ்பேர் ஓசூர்ல கிடைக்கலைன்னா பெங்களூரு ஜே.சி. ரோட்டுல தேடுங்க.

காவேரிப்பட்டணம்_இன்ஜின்:
இன்னொண்ணு. 15 வெச்சும் ஐட்லிங் சரியாகலைன்னா சைலன்சர் முனையில ஒரு தாளைப் பிடிங்க. அப்பப்போ உள்ள இழுத்தா எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்குன்னு சந்தேகப்படலாம். பிளக்கைத் திரும்பப் போட்டுட்டு ஹேண்டிலை மெதுவா சுத்தினா அந்த சிலிண்டர் மட்டும் தடுப்பே இல்லாம வழுக்கிட்டுப் போகும்.

கொஞ்ச ஓட்டத்துலயே எக்ஸாஸ்ட் இடைவெளி மட்டும் தானா குறைஞ்சுக்கிட்டே வந்தா சீட்டு உள்ள இறங்குதுன்னு அர்த்தம். இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வார்ப்பு. 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தாச்சு, சீட்டு தேயாம ஈயம் தந்த பாதுகாப்பு இப்போ இல்ல. ஹெட் இறக்கறப்போ எக்ஸாஸ்டுக்குக் கடின சீட்டு அடிச்சிடுங்க. ஹெட்டை ஏத்தி முறுக்கினதும் டேப்பெட்டை செட் பண்ணி, சில நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு ஹெட் நட்டையும் டேப்பெட்டையும் இன்னொரு தடவை பாத்துடுங்க.