வரப்போகும் ஃபர்ம்வேரை நம்பி கேமரா வாங்கலாமா?

ஈரோடு டி750:
வணக்கம். பல வருடமாக நிக்கான் டி750 வைத்திருக்கிறேன். வாரக்கடைசியில் கல்யாணம், காதுகுத்து. நேரம் கிடைத்தால் வெள்ளோடு பக்கம் போய்ப் பறவைகள். லென்ஸ் என்று பார்த்தால் 80-200 எஃப்2.8டி, 85 எஃப்1.8டி, ஒரு 24-120. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாம் என்று இரண்டரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். நிக்கான் இசட்6 மார்க் 3, கேனான் ஆர்6 மார்க் 2, சோனி ஏ7 மார்க் 4, இந்த மூன்றில் ஒன்று. கடைக்காரர் சொல்வது: "நிக்கானையே எடுங்க சார். ஃபர்ம்வேர் விட்டுக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு வருஷத்துல உங்க கையில இருக்கிறது புது கேமராவா மாறிடும்." ஃபர்ம்வேர் என்றால் கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்தானே, இதை நம்பலாமா? அப்டேட் வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமா, பேராசையா?

கொடிக்கரை நாரை:
கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நிக்கான் இசட்9 கதையைப் பாருங்கள். 2021 அக்டோபரில் அறிவித்தார்கள். 2022 ஏப்ரலில் 2.00 ஃபர்ம்வேர் வந்தது: 8கே 60 ஃபிரேம் ரா வீடியோ, கூடவே ஷட்டரை முழுதாக அழுத்துவதற்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பதியும் வசதி. 2023 ஜூனில் 4.00, ஆள் இல்லாமலே கேமரா தானாகப் படமெடுக்கும் ஆட்டோ கேப்சர். அதே வருடம் அக்டோபரில் 4.10, பறவைக்கென்று தனி ஃபோகஸ் முறை. நாரை தண்ணீரை விட்டுக் கிளம்பும் அந்த அரை நொடிக்காகக் கொடிக்கரை வெயிலில் காய்ந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். இத்தனைக்கும் ஒரு பைசா வாங்கவில்லை.

ஃபூஜியும் அப்படித்தான். எக்ஸ்-டி3 2018இல் வந்த கேமரா. எக்ஸ்-டி4 கடைக்கு வந்த பிறகு, 2020 அக்டோபரில், அதன் ஆட்டோஃபோகஸை அப்படியே பழைய டி3க்கும் 4.00 என்று கொடுத்தார்கள். புதியது விற்க வேண்டிய நேரத்தில் பழையதைப் பலப்படுத்த ஒரு மனசு வேண்டும். வாங்கும்போது அந்த மனசையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்கிறேன்.

கெட்டிமேளம்:
நாரை அண்ணா, வேகாத இட்லியைப் பரிமாறிவிட்டு, அரை மணி கழித்து "இந்தாருங்கள், இப்போது வெந்துவிட்டது" என்று திரும்பக் கொண்டுவந்தால் அதை உபசாரம் என்பீர்களா?

நிக்கான் இசட்6, இசட்7 இரண்டையும் 2018 ஆகஸ்டில் அறிவித்தார்கள். கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அதில் இல்லை. 2019 மே மாதம் 2.00இல்தான் வந்தது. சோனிக்காரர்கள் அதற்குள் மணப்பெண்ணின் கண்ணிமையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கேனானின் முதல் இஓஎஸ் எம், 2012. ஃபோகஸ் ஆமை வேகம். அடுத்த வருடம் ஃபர்ம்வேர் வந்துதான் நடமாட ஆரம்பித்தது. இதெல்லாம் தானம் இல்லை அண்ணா, பாக்கி. முழு விலை வாங்கிக்கொண்டு தராமல் வைத்திருந்ததைத் தவணையில் தருகிறார்கள்.

ஈரோட்டு நண்பருக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம் ஒன்று. பறவை முறை இசட்8க்கு 2024 பிப்ரவரியில் கிடைத்தது. அதற்கு நான்கு மாதம் கழித்துக் கடைக்கு வந்த இசட்6 மார்க் 3 அது இல்லாமலே வந்தது. 2025இல் 2.00 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்6 மார்க் 2, ஏ7 மார்க் 4 இரண்டும் பெட்டியைப் பிரித்த அன்றே பறவையைக் கண்டுகொள்ளும். நீங்கள் காட்டும் இசட்9 உதாரணம் நாலரை லட்சத்துக்கு மேல் கொடுத்தவருக்கு. பந்தியில் முதல் வரிசைக்குப் போகும் பாயசத்தைக் காட்டிக் கடைசி வரிசைக்காரரை உட்காரவைக்காதீர்கள்.

கொடிக்கரை நாரை:
பாக்கி என்றே வைத்துக்கொள்வோம் தம்பி. பாக்கியைக் கொடுப்பவனும் இருக்கிறான், கொடுக்காதவனும் இருக்கிறான். சோனி ஏ9க்கு 2019 மார்ச்சில் 5.0 வந்தது, ஆளை விடாமல் துரத்தும் டிராக்கிங் கிடைத்தது. அடுத்த மாதம் ஏ7 மார்க் 3க்கு 3.0 வந்தது. விலங்குகளின் கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ், இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்கும் இன்டர்வல் ஷூட்டிங் எல்லாம் கொடுத்தார்கள், அந்த டிராக்கிங்கை மட்டும் தரவில்லை. அதைவிட மலிவான ஏ6400இல் அது இருந்தது! அப்புறம் ஏ7 மார்க் 4இல் நம் விருப்பப்படி கட்டம் போட்டுக்கொள்ளும் வசதிக்கு 149 டாலர் லைசென்ஸ். கட்டம் போட! கோடு நாலு, டாலர் நூற்றைம்பது.

கெட்டிமேளம்:
காசு வாங்குவதில் யாரும் உத்தமர் இல்லை. கேனான் 5டி மார்க் 4க்கு சி-லாக் (நிறத்தைப் பின்னால் திருத்த ஏற்ற வீடியோ முறை) வேண்டுமென்றால் கேமராவை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி 99 டாலர் கட்ட வேண்டும், 2017இல். பானாசோனிக் ஜிஎச்4க்கு வி-லாக் என்று அதே மாதிரி ஒன்று, அதுவும் கிட்டத்தட்ட அதே விலை. உங்கள் நிக்கானும் இசட்6இன் ரா வீடியோவுக்கு சர்வீஸ் சென்டரில் கட்டணம் வாங்கியதே, மறந்துவிட்டதா?

ஃபூஜியின் மனசைப் பற்றியும் சொல்கிறேன். எக்ஸ்-டி3, எக்ஸ்-ப்ரோ3 இரண்டிலும் ஒரே தலைமுறை சென்சார், ஒரே தலைமுறை ப்ராசசர். கிளாசிக் நெகட்டிவ் நிறம் ப்ரோ3இல் உண்டு, டி3இல் கடைசிவரை இல்லை. மனசு எங்கே திறக்கும், எங்கே சாத்திக்கொள்ளும் என்று நாம் பெட்டியை வாங்கும் அன்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

பிட்டும் பைட்டும்:
நடுவில் நுழைகிறேன். நான் கேமராவுக்கு எழுதுபவன் அல்ல, வண்டிகளில் போகும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதுபவன். ஆனால் வலி ஒன்றுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் "அதே சிப், அதே சென்சார், ஏன் தரவில்லை" என்று தோன்றும். சில நேரம் அது வியாபாரக் கணக்குத்தான், கிளாசிக் நெகட்டிவ் அப்படித்தான் எனக்கும் படுகிறது. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. சென்சாரிலிருந்து ஒரு படத்தை முழுதாகப் படித்தெடுக்க எவ்வளவு நேரம் என்பது சிலிக்கானில் முடிவான விஷயம். ஏ7 மார்க் 4இன் 33 மெகாபிக்சல் சென்சார் மெதுவாகப் படிக்கும். சத்தமில்லாத ஷட்டரில் சிறகடிக்கும் மீன்கொத்தி கோணலாக விழுந்தால் அதை எந்த ஃபர்ம்வேரும் நிமிர்த்தாது. இசட்6 மார்க் 3 பாதி அடுக்குமுறை சென்சார், அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஏ7ஆர் மார்க் 5இல் பொருள்களை அடையாளம் காண்பதற்கென்றே தனியாக ஒரு ஏஐ சிப் வைத்தார்கள். அந்தச் சிப் இல்லாத பழைய பாடிக்கு (லென்ஸ் நீங்கலாக உள்ள கேமரா) அதே வேலையைச் செய் என்றால் எங்கே போகும்?

இன்னொன்று, யாரும் பேசாதது: சோதனை. ஃபோகஸ் கணக்கில் ஒரு வரியைத் தொட்டால் அந்த மவுண்டில், அதாவது லென்ஸ் மாட்டும் அந்த வளைய அமைப்பில், வந்த ஒவ்வொரு லென்ஸையும் மாட்டிப் பார்க்க வேண்டும். எழுதுவது பத்து நாள் என்றால் சோதிப்பது இரண்டு மாதம். அதற்குள் அந்தக் குழுவை அடுத்த பாடிக்கு மாற்றியிருப்பார்கள். எனவே புதிய வசதிகள் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு வருவது பிழைத்திருத்தம். விதிவிலக்கு உண்டு: கேனான் ஆர்5 2020 ஜூலையில் வந்தது, 400 மெகாபிக்சல் முறை 2023 மார்ச்சில் கிடைத்தது. அதுவும் ஜேபெக் மட்டும்.

சட்டம் கேட்பவர்களுக்கு: ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது, முக்கியமான கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து கட்டாயம். வைஃபை வைத்த கேமராவுக்கும் பாதுகாப்பு அப்டேட் பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடம் தர வேண்டும் என்கிறது. பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். பறவை முறை கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மங்கிய கண்ணாடி:
அப்டேட்டை வைத்துக் கம்பெனியின் எதிர்காலத்தை ஜோசியம் பார்ப்பவர்களுக்கு ஒரே பெயர் சொல்கிறேன்: சாம்சங் என்எக்ஸ்1. 2014 செப்டம்பரில் அறிவிப்பு. 28 மெகாபிக்சல், 4கே, எச்.265, அந்தக் காலத்துக்கு ராட்சசன். ஃபர்ம்வேர் மேல் ஃபர்ம்வேர் விட்டார்கள், ஒவ்வொன்றிலும் கை நிறைய வசதி. 2015 முடிவதற்குள் ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் கேமரா விற்பனையை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் மவுண்டே இல்லை. அப்டேட் அன்பு அதிகமாக இருந்த வீடுதான் முதலில் காலியானது.

கொடிக்கரை நாரை:
அதே பானையை இன்னொரு பக்கமும் பாருங்கள். ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவை விற்பதாக 2020 ஜூனில் அறிவித்தது. அதே டிசம்பரில், கைமாறுவதற்குச் சில வாரம் முன்னால், அதன் இ-எம்1எக்ஸ் கேமராவுக்குப் பறவை முறை வந்தது. வீடு விற்கும் ஆள் போகும்போது கிணற்றைத் தூர்வாரிக் கொடுத்துவிட்டுப் போன கதை. அந்த மவுண்ட் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கெட்டிமேளம்:
கிணறு கதை நன்றாக இருக்கிறது. என் கதையையும் கேளுங்கள்.

இரண்டு வருடம் முன்னால், முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி. கல்யாண மண்டபத்தில் ரிசப்ஷன் முடிந்து படுக்கப் போகும்போது போனில் செய்தி: புது ஃபர்ம்வேர், ஃபோகஸ் மேம்பாடு. ஆசை யாரை விட்டது? ஏற்றிவிட்டேன். காலை நாலரைக்கு மாப்பிள்ளை அழைப்பு. என் வேறு கம்பெனி ஜூம் லென்ஸ், எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை, முன்னும் பின்னும் அலைகிறதே தவிர எதையும் பிடிக்கவில்லை. பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பலாம் என்றால் கேமரா ஒத்துக்கொள்ளவில்லை, ஒருமுறை ஏறினால் ஏறியதுதான். பையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு 50. தாலி கட்டும்போது எல்லோரும் ஜூம் பண்ணுகிற இடத்தில் நான் ஐயர் தோளுக்கு மேல் ஏறி நின்றேன். பெண்ணின் தாய்மாமா ஆல்பத்தில் பாதி படங்களில் என் முழங்கை இருக்கிறது. லென்ஸ் கம்பெனி மூன்று வாரம் கழித்துத் தன் ஃபர்ம்வேரைச் சரிசெய்தது. முகூர்த்தம் மூன்று வாரம் காத்திருக்குமா?

அதனால்தான் சொல்கிறேன், இன்று கையில் எடுத்தால் இன்று என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் விலை கொடுங்கள். நாளை வருவது வரட்டும், வாசலில் நிற்கட்டும்.

கொடிக்கரை நாரை:
முதல் நாள் ராத்திரி ஏற்றியது உங்கள் தப்பு தம்பி, அதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: பட்ஜெட் பாடிக்கு இசட்9 கணக்கு செல்லாது. இசட்6 மார்க் 3 காத்திருந்ததை நானே வசதியாக மறந்துவிட்டேன்.

மற்றபடி என் கட்சி மாறவில்லை. கடந்த ஐந்து வருடம் யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்ற வரலாற்றைப் பார்க்காமல் வாங்குவது, மாப்பிள்ளை வீட்டை விசாரிக்காமல் பெண் கொடுப்பது மாதிரி. இரண்டு கேமராவும் மற்ற எல்லாவற்றிலும் சமம் என்றால் எனக்கு வரலாறுதான் முடிவு செய்யும்.

மங்கிய கண்ணாடி:
ஐயா சாமிகளா, கேள்வி கேட்டவருடைய லென்ஸ் பட்டியலை யாராவது படித்தீர்களா?

80-200 எஃப்2.8டி. 85 எஃப்1.8டி. இரண்டுமே பாடிக்குள் இருக்கும் மோட்டார் திருகினால்தான் ஃபோகஸ் ஆகும் லென்ஸ்கள். டி750இல் அந்த மோட்டார் உண்டு. பழைய நிக்கான் லென்ஸ்களை இசட் மவுண்டில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில், முதல் பதிப்பிலும் சரி இரண்டாவதிலும் சரி, அது கிடையாது. மாட்டினால் கையால் திருக வேண்டியதுதான். எத்தனை அப்டேட் விட்டாலும் ஃபர்ம்வேரால் அடாப்டருக்குள் மோட்டார் முளைக்காது. உங்கள் 24-120 அந்தக் காலத்து டி ரகமாக இல்லாமல், மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்த ஏஎஃப்-எஸ் ரகம் என்றால் மட்டும் அது வேலை செய்யும்.

ஆக, "நிக்கானிலேயே இருந்தால் என் லென்ஸ் பிழைக்கும்" என்ற காரணம் பாதிக்கு மேல் போய்விட்டது. இனி எந்த மவுண்டுக்குப் போனாலும் லென்ஸ் புதிதாக வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பலர் ஆசைப்படும் டாம்ரான் 35-150 எஃப்2-2.8, சோனிக்கு 2021இல் வந்தது, நிக்கான் இசட்டுக்கு 2023இல். கேனானின் ஆர்எஃப் மவுண்டுக்கு இல்லை. கேனான் தன் மவுண்டை மற்றவர்களுக்கு 2024 ஏப்ரலில்தான் திறந்தது, அதுவும் சின்ன சென்சார் லென்ஸ்களுக்கு. இரண்டரை லட்சத்தை முழுக்கப் பாடியில் போட்டுவிட்டால் லென்ஸுக்கு என்ன செய்வீர்கள்?

ஈரோடு டி750:
அண்ணா, தலை சுற்றுகிறது. மோட்டார் விஷயத்தைக் கடைக்காரர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. அடாப்டர் இலவசம் என்றதும் மயங்கிவிட்டேன்.

24-120 ஏஎஃப்-எஸ்தான், எஃப்4. அது தப்பிக்கும். பட்டியலிலிருந்து கேனானை நீக்கிவிட்டேன். பறவை வருடத்தில் பத்து நாள், கல்யாணம்தான் சோறு போடுகிறது. அதனால் கோயம்புத்தூரில் வாடகைக்கு ஏ7 மார்க் 4, இசட்6 மார்க் 3 இரண்டையும் 35-150உடன் எடுத்து, வரும் ஞாயிறு ஒரு நிச்சயதார்த்தத்தில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். செகண்ட் ஹேண்ட் பாடி கிடைத்தால் லென்ஸுக்குப் பணம் மிஞ்சும்.

கொடிக்கரை நாரை:
நல்லது. வாடகை கேமராவில் எந்த ஃபர்ம்வேர் ஓடுகிறது என்று மெனுவில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு விடுபவர்கள் பல பேர் ஏற்றுவதே இல்லை, இசட்6 மார்க் 3இல் 2.00க்கு முந்தையது இருந்தால் பறவை முறையைத் தேடி ஏமாந்துபோவீர்கள்.

கெட்டிமேளம்:
அதை நானும் வழிமொழிகிறேன், அதிசயமாக. சனிக்கிழமை ராத்திரி மட்டும் எதையும் ஏற்றாதீர்கள்.

அப்புறம், அந்த 80-200ஐ விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள். என் பழைய டி610 இன்னும் அலமாரியில் உயிரோடு இருக்கிறது. அதில் மோட்டார் உண்டு.