ஜார்ஜ் ராஜா வெள்ளி ரூபாய்: கிரேடு பார்ப்பது எப்படி, வாங்கிப் போடலாமா?

அரையணா:
வணக்கம். ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் பத்துக் காசு ஒரு லாட்டாக வருகிறது, எல்லாம் 1912 முதல் 1920 வரை. விற்பவர் எல்லாமே யூஎன்சி (புழக்கத்துக்கே போகாத காசு) என்கிறார். படத்தில் பளிச்சென்றுதான் இருக்கின்றன. நம்பி வாங்கலாமா? நானே கிரேடு பார்க்க எங்கிருந்து ஆரம்பிப்பது? சில வருடம் வைத்திருந்து விற்கும் எண்ணம்.

தராசுமுள்:
நூறு வருடத்துக் காசு பத்தும் ஒரே மாதிரி பளபளத்தால் முதலில் சந்தேகப்படுங்கள். புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்த காசும் படத்தில் பளிச்சென்றுதான் தெரியும்.

டியூப்லைட் வேண்டாம். பழைய மஞ்சள் குண்டு பல்பு ஒன்று போதும். காசை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராக மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சிலிருந்து வந்த லஸ்டர் (இயல்பான மினுமினுப்பு) என்றால் ஒளிக்கீற்று சக்கர ஆரம் மாதிரி காசைச் சுற்றி ஓடும். தேய்த்த காசில் அது ஓடாது. மொத்தப் பரப்பும் ஒரே நேரத்தில் மின்னும். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் வரிசையாக நிற்கும். விவரம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது யூஎன்சி விலைக்கு ஆகாது. காசுக்குத் தர எண் போடும் அமெரிக்க நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டுமே அப்படிப்பட்ட காசுக்கு எண் தராமல் 'டீடெயில்ஸ்' (குறையுள்ள காசு) என்று எழுதி அனுப்பிவிடும்.

பிறகு மேடான இடங்கள்: கிரீடம், காது, மார்பு அங்கியின் வேலைப்பாடு. இங்கே சாம்பல் நிறத்தில் மழுங்கி, லஸ்டர் செத்திருந்தால் தேய்மானம். ஷெல்டன் அளவில் (1 முதல் 70 வரையிலான தர எண்) 50 முதல் 58, அதாவது ஏயு (ஏறக்குறைய புழங்காதது). விவரம் மங்கலாக இருந்தும் லஸ்டர் அதன் மேலேயே ஓடினால், அச்சு சரியாக விழாத காசு, தேய்மானம் இல்லை. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கல்லாப்பெட்டி:
கிரேடுக்கு முன்னால் அசலா என்று பாருங்கள். எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசில் சுமார் 1.13 கிராம் வர வேண்டும். 1.30 பக்கம் போனால் உள்ளே செம்பு. காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு கெடும்; தட்டி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

விளிம்பில் 12 மணி இடத்தையும் பாருங்கள். மாலையில் கோத்த காசில் கொக்கியை எடுத்து ஈயப்பற்றை அரமிட்டிருப்பார்கள். அங்கே மட்டும் வரிக்கோடுகள் மழுங்கியிருக்கும்.

ஜார்ஜ் ரூபாயில் 1911க்குத் தனி மவுசு. அங்கியில் தொங்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழ, 1912ல் தும்பிக்கையைத் திருத்தி மறுபடி அச்சடித்தார்கள். 1921, 1922ம் குறைவாக வந்தவை. 1918, 1919 மலைபோல அச்சடித்தது. விஎஃப் (ஓரளவு புழங்கிய) தரத்தில் வெள்ளி விலைக்கு மேலே பெரிதாக எதுவும் கிடைக்காது. ஒரு காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம், அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே கொடுப்பதெல்லாம் தரத்துக்கும் அரிதுக்கும் கொடுக்கும் காசு. லாட்டைவிட, அந்தப் பணத்தில் சுத்தமான ஒரே ஒரு காசு மேல்.

அரையணா:
நன்றி அண்ணா. லேசாகக் கறுத்த காசைத் துடைக்கலாமா? ஸ்லாப் போட (தர எண்ணோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வாங்க) அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

தராசுமுள்:
துடைக்கவே வேண்டாம். சீராகப் படிந்த கறுப்புக்குச் சேகரிப்பவர்கள் கூடுதலாகவே தருவார்கள். பச்சைப் பிசுக்கு மட்டும் விதிவிலக்கு: அது பிவிசி பிளாஸ்டிக் உறையால் வருவது. சுத்த அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்புப் பக்கம் வேண்டாம். பிறகு மைலார் (பிவிசி இல்லாத பிளாஸ்டிக்) உறையில் போட்டு, டப்பாவில் சிலிகா ஜெல் வையுங்கள்.

வெளிநாடு அனுப்புவது வேறு சிக்கல். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயதான காசு தொல்பொருள். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1922 வரையிலான ரூபாய் எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன.

கல்லாப்பெட்டி:
விற்கும்போது 'ரிசர்வ் வங்கி கமிஷன் கட்டுங்கள், லட்சத்தில் வாங்குகிறோம்' என்று ஃபோன் வரும். மோசடி. பழைய காசு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பே இல்லை என்று வங்கியே 2021ல் அறிவித்தது.